வாலிபர்களும் தொண்டும்

பதினைந்து, பதினாறு வயதுள்ள ஒரு பையனோ பெண்ணோ, "நான் எதற்காக வாழ வேண்டும்? இந்த வாழ்வுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டுவிட்டால், நம் வீடுகளில் அதை ஒரு வியாதியின் அடையாளமாகவே பாவிக்கின்றார்கள். பாட்டி திருஷ்டி கழிக்கச் சொல்லுகின்றாள். தகப்பன், "மார்க்குக் குறைந்ததற்கு இது ஒரு சாக்கு" என்கிறான். பக்கத்து வீட்டுப் பக்திமானோ, போன ஜென்மத்து வினை என்றும், இந்த ஜென்மத்துக் கடன் என்றும் நாலு வார்த்தை சொல்லி, ஒரு கோயிலின் பெயரையும், அதற்குப் போகும் பஸ்ஸின் நம்பரையும் கூடச் சொல்லிவிட்டுப் போகின்றார். பள்ளிக்கூடத்திலோ இந்தக் கேள்விக்கு மார்க்கு கிடையாது. மார்க்கு இல்லாத கேள்வியை அங்கே யார் பொருட்படுத்தப் போகிறார்கள்?

ஆனால் கேள்வி பைத்தியக்காரத்தனமானதல்ல. உடம்பு பெரியவர் உடம்பாக வளர்ந்துவிட்டது. அறிவும் எதையும் ஏன், எதற்கு என்று கேட்கத் தொடங்கிவிட்டது. இவ்வளவு வந்த பிறகும் அந்தப் பிள்ளையால் ஒருவருக்கும் ஒரு காரியமும் ஆகவேண்டியதில்லை என்று உலகம் அதை ஒரு மூலையில் உட்கார்த்தி வைத்திருக்கின்றது. காலையில் டியூஷன், பகலில் பள்ளிக்கூடம், மாலையில் மறுபடியும் டியூஷன், இரவில் கைப்போன். எல்லாம் "நாளைக்கு" உதவும் என்று சொல்லப்படுகின்றதே ஒழிய, இன்றைக்கு அவன் இல்லாவிட்டால் நின்றுபோகக்கூடிய காரியம் உலகத்தில் ஒன்றாவது உண்டா? தான் இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது என்று கண்டுகொண்ட ஒருவன், "நான் எதற்காக இருக்கிறேன்" என்று கேட்பதில் என்ன ஆச்சரியம்? கேட்காவிட்டால்தான் நாம் ஆச்சரியப்பட வேண்டும்.

இதற்கு வேதாந்தத்தில் பதில் தேடுகின்றவர்கள் தேடிக்கொண்டு போகட்டும். நாம் பதில் தேட வேண்டிய இடம் அனுபவம். ஒரு தேசத்தில் ஒரு லட்சம் பிள்ளைகளுக்கு ஒரே சமயத்தில் உண்மையான வேலை ஒன்றைக் கொடுத்துப் பார்த்திருக்கின்றார்கள். அந்தக் கதையை நம் வாலிபர்களும், முக்கியமாக அவர்களைப் பெற்றவர்களும், அறிந்துகொள்வது நல்லது என்று எண்ணி இங்கு எழுதுகின்றோம்.

கியூபா என்பது அமெரிக்காவுக்குத் தெற்கே கடலிலுள்ள ஒரு தீவு. கரும்பும் புகையிலையும் விளையும் பூமி. 1953-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி அங்கே எழுத்தறியாதவர்கள் நூற்றுக்கு 23.6 பேர். இது தேசம் முழுவதற்குமான கணக்கு. பட்டணங்களை மாத்திரம் எடுத்துக்கொண்டால் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர்தான் எழுத்தறியாதவர்கள். கிராமங்களிலோ நூற்றுக்கு நாற்பதுக்கு மேல். அதாவது எழுத்து என்பது பட்டணத்தானுடைய சொத்தாகவும், கரும்பு வெட்டுவது கிராமத்தானுடைய தலைவிதியாகவும் இருந்தது. இந்த ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. எழுத்தை ஒரு கூட்டத்தாரிடம் பூட்டி வைத்துவிட்டு, மற்றவர்களைப் பார்த்து "இவர்களுக்குப் படிப்பு ஏறாது" என்று சொல்லுகின்ற சாமர்த்தியம் எந்தத் தேசத்துக்கும் தனிச் சொத்தல்ல.

1959-ல் அங்கே புரட்சி நடந்து பழைய ஆட்சி ஒழிந்தது. 1960 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் சபையில் பேசிய பிடல் காஸ்ட்ரோ, அடுத்த ஒரு வருஷத்துக்குள் தம் தேசத்தில் எழுத்தறியாமையை ஒழித்துவிடுவதாகச் சொன்னார். சபைகளில் இப்படிப் பேசாதவர் யார்? வருஷம் ஒன்று என்று சொல்லி ஐம்பது வருஷம் ஓட்டினவர்களை நாம் பார்த்ததில்லையா? ஆனால் அங்கே மறுவருஷமாகிய 1961-க்குக் "கல்வி வருஷம்" என்று பெயரிட்டு உண்மையிலேயே வேலையைத் தொடங்கினார்கள்.

முதலில் எழுத்தறியாதவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள் என்று தேடிக் கணக்கெடுத்தார்கள். கிடைத்த தொகை 9,79,207. இத்தனை பேருக்கும் வாத்தியார் எங்கே? இருக்கின்ற உபாத்தியாயர்கள் போதாது; அவர்களிலும் மலைக்கும் காட்டுக்கும் போகச் சம்மதிப்பவர்கள் குறைவு. அப்பொழுதுதான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். 1961 ஏப்ரல் மத்தியில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். பெற்றோருடைய சம்மதக் கையெழுத்தோடு வரும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வந்தார்கள். பெரும்பாலோர் இருபது வயதுக்குட்பட்டவர்கள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளும் உண்டு. பாதிக்கு மேல் பெண்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்தப் பெண்கள் விஷயத்தைச் சொல்லாமல் தாண்டிப் போக முடியாது. அக்காலத்துக் கியூபாவில் நடுத்தர வகுப்பு வீட்டுப் பெண் துணை இல்லாமல் தெருவுக்குப் போவதே வழக்கமில்லை. அப்படிப்பட்ட வீட்டுப் பெண், பதினாலு வயதில், முன்பின் தெரியாத ஒரு குடியானவன் குடிசையில் போய் மாதக்கணக்கில் தங்குவது என்றால், தகப்பன்மார்கள் துள்ளாமல் இருப்பார்களா? துள்ளினார்கள். பாதிரிமார்களும் பழைய பெரிய மனிதர்களும் மானம் போய்விடும் என்றார்கள். பெண்ணின் கால் வாசற்படியைத் தாண்டினால் மானம் போகும் என்கின்ற சாஸ்திரம் எந்த மதத்துக்கும் பொது என்று தெரிகின்றது. இருந்தும் கையெழுத்துப் போட மறுத்த தகப்பனிடம் மகள் நாள்கணக்கில் வாதாடிக் கையெழுத்து வாங்கினாள். பின்னாளில் கிழவிகளான பிறகு அவர்களில் பலர், தங்கள் வாழ்நாளில் தாங்களாக முடிவு செய்த முதல் காரியம் அதுதான் என்று சொல்லியிருக்கின்றார்கள். அவர்களைப் பேட்டி கண்டு "மாயெஸ்த்ரா", அதாவது "ஆசிரியை", என்று ஒரு சினிமாப் படமே எடுத்திருக்கின்றார்கள்.

வந்த பிள்ளைகளை வராதேரோ என்னும் கடற்கரை ஊருக்குக் கொண்டுபோய், பணக்காரர்கள் உல்லாசமாக இருந்த விடுதிகளில் தங்கவைத்து, சுமார் ஒரு வாரம் பத்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு உடுப்பு, ஒரு ஜோடி பூட்ஸ், ஒரு கம்பளி, கயிற்றுத் தூளி ஒன்று, புத்தகம் இரண்டு, மண்ணெண்ணெய் விளக்கு ஒன்று கொடுத்தனுப்பினார்கள். தூளி எதற்கென்றால், போகின்ற வீட்டில் கட்டில் இராது. விளக்கு எதற்கென்றால், போகின்ற ஊரில் மின்சாரம் இராது. மேலும் குடியானவன் பகலெல்லாம் வேலை செய்துவிட்டு இரவில்தான் படிக்க முடியும். சாமான் பட்டியலைப் பார்த்தாலே யாரோ முன்யோசனையுள்ளவர்கள் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்று தெரிகின்றது. நம் ஊரில் இதே காரியம் நடந்தால் முதலில் மேடை, பிறகு பொன்னாடை, பிறகு போட்டோ. விளக்கு கடைசியில் வந்தால் உண்டு.

பகலில் அந்தப் பிள்ளைகள் அந்த வீட்டாரோடு வயலுக்குப் போனார்கள். களை எடுத்தார்கள், காப்பிக்கொட்டை பறித்தார்கள், தண்ணீர் சுமந்தார்கள். இரவில் விளக்கைக் கொளுத்தி வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். பாடப் புத்தகத்தில் பதினைந்தே பாடங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு படம், படத்தைப் பற்றி முதலில் பேச்சு, பேச்சிலிருந்து ஒரு வாக்கியம், வாக்கியத்தை உடைத்து அசை, அசையிலிருந்து எழுத்து. இரண்டாவது பாடமே நிலச் சீர்திருத்தத்தைப் பற்றியது. தான் உழுகின்ற நிலம் தனக்குச் சேருமா என்பதைப் பற்றிய பாடமென்றால், அறுபது வயதுக் கிழவனுக்குக் கூடத் தூக்கம் வராதல்லவா? "அணில், ஆடு, இலை" என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தால் அவன் கொட்டாவி விடுவது அவன் குற்றமல்ல. கண் மங்கிப்போன முதியவர்களுக்குக் கண்ணாடியும் கொடுத்தார்கள். கண் தெரியாததையே மூளை இல்லாததாக எண்ணிக்கொண்டிருந்த எத்தனையோ பேர் அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துவிட்டார்கள்.

நிற்க, ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையால் வாத்தியார் வேலை பார்க்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கைச் சொல்லுகின்றோம். மாணாக்கர்கள், தொழிலாளர்கள், உபாத்தியாயர்கள், அந்தந்த ஊரிலேயே சொல்லிக்கொடுக்க முன்வந்தவர்கள் எல்லோரையும் சேர்த்து, கற்பிக்க வந்தவர்கள் சுமார் 2 லட்சத்து 68 ஆயிரம் பேர். கற்க வேண்டியவர்கள் 9 லட்சத்து 79 ஆயிரம் பேர். ஒரு வாத்தியாருக்கு நாலு மாணாக்கர்கூடச் சரியாக வரவில்லை. நாற்பது பேரைக் கட்டி மேய்க்கத்தான் பெரிய வாத்தியார் வேண்டும். நாலு பேருக்கு, அதுவும் தான் சாப்பிடுகின்ற வீட்டிலேயே இருக்கின்ற நாலு பேருக்கு, படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை போதும். கூட்டத்தைப் பார்த்து மலைத்துப் போகாமல் அதைப் பங்கு போட்டுக்கொண்டதுதான் அவர்கள் செய்த சூட்சுமம்.

1961 டிசம்பர் 22-ந் தேதி, எழுத்தறியாமை ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். படித்துத் தேறியவர்கள் 7,07,212 பேர். எழுத்தறியாதவர்கள் நூற்றுக்கு 3.9 என்கின்ற அளவுக்கு இறங்கினார்கள். தேறியதற்குப் பரீட்சை என்னவென்றால், காஸ்ட்ரோவுக்குச் சொந்தக் கையால் ஒரு கடிதம் எழுதுவது. அந்த லட்சக்கணக்கான கடிதங்களும் ஹவானாவிலுள்ள ஒரு காட்சிச் சாலையில் இன்றைக்கும் இருக்கின்றன. எழுதியவர்களில் அடிமையாகப் பிறந்த 106 வயது மூதாட்டி ஒருவரும் உண்டு. அந்தத் தேசத்தில் அடிமை முறை ஒழிந்தது 1886-ல். நூறு வருஷத்துக்கு மேல் எழுத்து மறுக்கப்பட்ட ஒரு கை, ஒரு சிறு பிள்ளை காட்டிய வழியில் தன் பெயரை எழுதிற்று என்றால், "காலம் கடந்துவிட்டது, இனி எதற்கு" என்று சொல்லுகின்ற சோம்பேறி ஞானத்துக்கு வேறு பதில் வேண்டுமா?

இதுவரையில் சொன்னது வெற்றியின் கதை. இதை மாத்திரம் சொல்லி நிறுத்திவிட்டால் புராணம் படித்ததாகத்தான் ஆகும். பகுத்தறிவுக்காரர்கள் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்.

அந்தப் படைக்குப் பெயர் "கொன்ராடோ பெனித்தேஸ் படை". பெனித்தேஸ் என்பவன் பதினெட்டு வயதுக் கறுப்பு வாலிபன். ஏழை வீட்டுப் பிள்ளை. பூட்ஸ் துடைத்துப் பிழைத்துக்கொண்டே படித்தவன். பெரிய இயக்கம் தொடங்குமுன்னரே எஸ்காம்ப்ராய் மலைப் பக்கத்தில் பாடம் சொல்லிக் கொடுக்கப் போன அவனை, புதிய ஆட்சியை எதிர்த்து அந்த மலையில் ஆயுதத்தோடு திரிந்த கூட்டத்தார் 1961 ஜனவரி 5-ந் தேதி கொன்று போட்டார்கள். அவன் பெயரைத்தான் ஒரு லட்சம் பிள்ளைகளும் தாங்கிப் போனார்கள். இயக்கம் முடிவதற்கு ஒரு மாதம் இருக்கும்பொழுது, நவம்பர் 26-ந் தேதி, மானுவேல் அஸ்குன்சே என்கின்ற பதினாறு வயதுப் பையனையும், அவன் தங்கியிருந்த வீட்டுக் குடியானவனாகிய பெத்ரோ லாந்திகுவாவையும் அதே மலைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு போய்க் கொன்றார்கள். அந்த வீட்டு அம்மாள் அவனைத் தன் மகன் என்று சொல்லிக் காப்பாற்றப் பார்த்ததாகவும், அவனோ தானே வாத்தியார் என்று ஒப்புக்கொண்டதாகவும் சொல்லப்படுகின்றது.

பதினாறு வயதுப் பிள்ளையை அப்படிப்பட்ட மலைக்கு அனுப்பலாமா? இக்கேள்வியை வீரவணக்கம் பாடி மூடிவிட நமக்கு மனம் வரவில்லை. ஏப்ரல் 17-ந் தேதி அந்நியர் உதவியோடு கடல் வழியாகப் படையெடுப்பு வந்து, தேசம் சண்டையில் இருந்த வருஷம் அது. மலைகளில் கொலைகாரர்கள் இருக்கிறார்கள் என்பது சர்க்காருக்குத் தெரியும். ஜனவரியிலேயே ஒரு உயிர் போயிருக்கின்றது. தெரிந்தும் அந்தப் பக்கத்துக்குச் சிறுவர்களை அனுப்பியது தவறு என்பதே நம் அபிப்பிராயம். அப்படிப்பட்ட இடங்களுக்கு வயது வந்தவர்களை, தகுந்த காவலோடு, அனுப்பியிருக்க வேண்டும். சிறுவனுடைய உற்சாகம் பெரியவர்களிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள். அதைச் செலவு செய்யப் பெரியவர்களுக்கு உரிமை இல்லை. ஆனால் கொன்றவர்களுடைய குற்றத்தைச் சர்க்காரின் தலையில் வைத்துவிட்டு, எழுத்துச் சொல்லிக் கொடுக்கப் போன பிள்ளையைத் தூக்கில் போட்டவர்களை நியாயப்படுத்துகின்றவர்களிடம் நமக்குப் பேச்சில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பாடப் புத்தகத்தில் எழுத்தோடு ஆட்சியின் பிரசாரமும் சேர்ந்தே இருந்தது. வாசிக்கக் கற்றுக் கொடுத்த அதே ஆட்சி, பின்னால் எந்தப் பத்திரிகையை வாசிக்கலாம், எதை வாசிக்கக்கூடாது என்று தானே தீர்மானிக்கவும் துணிந்தது. இதை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். எழுத்தறிவித்தவன் இறைவன் என்று நம் ஊரில் ஒரு பழமொழி சொல்லி, வாத்தியார் சொன்னதையெல்லாம் நம்ப வைப்பார்கள். அதே வேலையைத்தான் அங்கே சர்க்கார் செய்தது. ஆனால் சாவியைக் கையில் கொடுத்த பிறகு, இந்தப் பூட்டை மாத்திரம் திற, அந்தப் பூட்டைத் திறக்காதே என்று எத்தனை காலத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்க முடியும்?

சரி, இதில் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது? நம் விஷயம் இதுதான்.

பட்டணத்துப் பிள்ளைக்கு அதுவரை கரும்பு என்றால் சர்க்கரை. அதை வெட்டுகின்ற கை எப்படி இருக்கும் என்று பார்த்ததில்லை. குடிசையில் தூளி கட்டி ஆறு ஏழு மாதம் படுத்த பிறகு அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஏழை ஏழையாக இருப்பது சோம்பலினால் அல்ல என்பதை அவனுக்கு எந்தப் புத்தகமும் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலையில் அந்த மனிதன் எழுந்து போவதை அவன் கண்ணாலேயே பார்த்தான். எழுத்தை அவன் கொடுத்தான். மாடு கட்டவும், மழையை முன்னறியவும், விறகு பிளக்கவும் அவர்கள் அவனுக்குக் கொடுத்தார்கள். மேலே நின்று கொண்டு கீழே போடுகின்ற பிச்சையாக அது இருக்கவில்லை. இரவில் வாத்தியார், பகலில் மாணாக்கன். தொண்டு என்று நாம் சொல்லக்கூடியது இதைத்தான். அன்னதானம் செய்துவிட்டு, தின்றவன் முகத்தைக் கூடப் பார்க்காமல், சித்திரகுப்தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகின்ற புண்ணியக்காரனுக்கும் இந்தப் பையனுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. புண்ணியக்காரனுக்கு ஏழை தேவை. ஏழை இல்லாவிட்டால் அவனுக்கு மோட்சம் போக டிக்கெட் கிடையாது. இந்தப் பையனுடைய வேலையோ அந்த வேலையே தேவைப்படாமல் செய்து முடிப்பது.

மற்றொரு விசேஷம். டிசம்பரில் ஹவானாவில் எல்லாரும் பெரிய பெரிய பென்சில்களைத் தூக்கிக்கொண்டு ஊர்வலமாக வந்தபொழுது, அடுத்து நாங்கள் என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள் என்று அந்தப் பிள்ளைகள் கோஷம் போட்டுக் கேட்டார்கள். படியுங்கள் என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த பதில். படிப்பதற்கு உபகாரச் சம்பளமும் ஏற்பாடு செய்தார்கள். நம் பெற்றோர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு வருஷம் போனால் படிப்புக் கெட்டுவிடும் என்று பயப்படுகின்றார்களே, அந்தப் பிள்ளைகள் படிப்பை விட்டு ஓடவில்லை. மலையில் வைத்தியர் இல்லாமல் குழந்தை சாவதைப் பார்த்தவன், தான் ஏன் வைத்தியம் படிக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு படிக்கின்றான். நம் பிள்ளையை நீட் பரீட்சைக்கு இரண்டு வருஷம் ஓர் அறையில் அடைத்துவிட்டு, "எதற்கடா டாக்டராகப் போகிறாய்" என்று கேளுங்கள். என்ன சொல்லுகிறான் பார்ப்போம்.

கியூபா வெகு தூரம், அது புரட்சி தேசம், இங்கே நடக்காது என்று சிலர் சொல்லக்கூடும். நடந்திருக்கின்றது. கேரளத்தில் எர்ணாகுளம் ஜில்லாவில் ஊர்ஊராய்த் தொண்டர்கள் புறப்பட்டுச் சொல்லிக் கொடுத்து, 1990 பிப்ரவரியில் அதை முழு எழுத்தறிவு பெற்ற முதல் ஜில்லாவாக அறிவித்தார்கள். அதன் பிறகு 1991-ல் நம் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கம் தொடங்கிற்று. அங்கேயும் சம்பளம் இல்லை. உள்ளூர்ப் பிள்ளைகளும் பெண்களும்தான் வாத்தியார்கள். தெரு விளக்கடியிலும் திண்ணையிலும்தான் வகுப்பு. அங்கேயும் "அ, ஆ"வில் தொடங்காமல் "பட்டா", "படி" என்பன போன்ற சொற்களிலிருந்து தொடங்கினார்கள். கியூபாக்காரன் நிலத்திலிருந்து தொடங்கியதும், நம்மவன் பட்டாவிலிருந்து தொடங்கியதும் ஒருவரை ஒருவர் பார்த்துக் காப்பி அடித்ததா என்பது பெரிதல்ல. எங்கும் ஏழைக்கு முதலில் தெரிய வேண்டிய எழுத்து அதுதான். புதுக்கோட்டையில் எழுத்தோடு நிற்கவில்லை. கல் குவாரியில் வேலை செய்த பெண்கள் முதற்கொண்டு ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் விடக் கற்றுக்கொண்டார்கள். பஸ்ஸுக்கும் புருஷனுக்கும் காத்திராமல் சந்தைக்குப் போகின்ற பெண்ணைப் பார்த்து ஊரில் கேலி பேசியவர்கள், கொஞ்ச காலத்தில் தங்கள் வீட்டுப் பெண்ணுக்கும் சைக்கிள் தேடினார்கள்.

அவ்வளவு நடந்தும் வேலை தீர்ந்து போகவில்லை. 2011-ம் வருஷத்துக் கணக்கின்படி நம் தமிழ்நாட்டில் ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களில் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு 80 பேர். பெண்களை மாத்திரம் எடுத்தால் இன்னும் குறைவு. அன்றைக்கு எழுதாமல் விடப்பட்டவர்களில் பெரும்பாலோர் இன்றைக்குப் பாட்டிமார்களும் தாத்தாமார்களும். பாங்கிக்குப் போய்ப் பணம் எடுக்கும் சீட்டை யாரிடமாவது நீட்டி எழுதிக் கொடுக்கச் சொல்லுகின்ற கிழவியைப் பார்க்காதவர் உண்டா? எழுதிக் கொடுக்கின்றவன் யோக்கியனாக இருந்தால் அவள் பணம் அவளுக்கு வரும். இப்பொழுது எல்லாம் கைப்போனுக்குள் போய்விட்டபடியால், நம்பருக்காகப் போனையே பிறர் கையில் கொடுக்க வேண்டியவளாக அவள் ஆகிவிட்டாள். கடவுள் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடலாம். ஆனால் அந்த இடத்தில் கடவுள் பார்த்துக்கொள்வதைவிட, தன் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பது அதிக நிச்சயம் என்பது அந்தக் கிழவிக்கே தெரியும்.

மாணாக்கர் தொண்டுக்கென்று நம் தேசத்தில் ஏற்பாடே இல்லையென்று சொல்லிவிட முடியாது. 1969-ல் 37 யூனிவர்சிட்டிகளில் 40,000 மாணாக்கர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கினார்கள். இன்று அது பல லட்சம் பேர் உள்ள பெரிய அமைப்பு. வருஷத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம், அத்துடன் ஏழு நாள் கிராம முகாம் என்று விதி இருக்கின்றது. நல்ல விதிதான். இந்த முகாம்களில் உண்மையாகவே வாழ்க்கை திரும்பியவர்களும் உண்டு. வெள்ளக் காலங்களில் சேற்றில் இறங்கிய பிள்ளைகளை நாம் மறக்கவில்லை. ஆனால் எத்தனையோ இடங்களில் நடப்பது என்ன? ஏற்கெனவே சுத்தமாயிருக்கின்ற தெருவில் நூறு பேர் துடைப்பத்தோடு நின்று படம் பிடித்துக்கொள்வது, போன வருஷம் நட்ட குழியிலேயே இந்த வருஷமும் மரம் நடுவது, கடைசியில் சர்டிபிகேட். பிள்ளைகள் முட்டாள்களல்ல. இந்த வேலை தேவையில்லாத வேலை என்று அவர்களுக்குத் தெரிகின்றது. தேவையில்லாத வேலையைச் செய்யச் சொல்லுவது வேலை கொடுக்காமலிருப்பதைவிட மோசம். தொண்டு என்பதே ஒரு நாடகம் என்று அவன் பதினேழு வயதிலேயே முடிவு செய்துவிட்டால், பிறகு நாற்பது வயதில் அவனிடம் பொதுக் காரியத்துக்கு வா என்று கூப்பிட்டு என்ன பயன்?

இதற்கு நேர்மாறான ஆபத்தும் ஒன்று இருக்கின்றது. இலவசமாக வேலை செய்யப் பிள்ளைகள் கிடைக்கிறார்கள் என்று தெரிந்தால், சம்பளத்துக்கு ஆள் வைக்க வேண்டிய இடத்திலெல்லாம் அவர்களை நிறுத்திவிடுவார்கள். துப்புரவுத் தொழிலாளிக்குக் கூலி கொடுக்க மனமில்லாத நகரசபை, மாணாக்கர்களைக் கூப்பிட்டு "சேவை" என்று பெயர் வைத்தால் அதற்கு நாம் இணங்கக்கூடாது. அது தொழிலாளியின் வயிற்றில் அடிப்பது. பிள்ளைக்கும் பொய் சொல்லிக் கொடுப்பது. ஆகவே வாலிபர்கள் தங்களுக்குக் காட்டப்படும் வேலையைப் பார்த்து மூன்று நான்கு கேள்விகளாவது கேட்க வேண்டும். இது யாருக்குத் தேவை? அவர்களைக் கேட்டார்களா? நாம் செய்யாவிட்டால் கூலிக்குச் செய்கிறவன் யார்? நாம் போன பிறகு இது நிற்குமா? கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்ளுகின்ற தலைவரிடம் தொண்டு செய்யப் போக வேண்டாம்.

சென்ற சில மாதங்களில் நம் காரியாலயத்துக்கு வந்த கடிதங்களில், படிப்பு முடிந்து வேலை கிடைக்கிறவரையில் நாங்கள் என்ன செய்வது, மனதுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை, எல்லாம் வெறுமையாய் இருக்கின்றது என்கின்ற மாதிரிக் கடிதங்கள் அதிகம். மிகவும் தளர்ந்து போய், வாழவே பிடிக்கவில்லை என்கின்ற அளவுக்குப் போனவர்கள் முதலில் வைத்தியரைப் பார்க்க வேண்டும். அது உடம்பு நோயைப் போல் ஒரு நோய். அதற்குத் தொண்டு மருந்தல்ல, விபூதியும் மருந்தல்ல. மற்றவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது, அர்த்தத்தை உட்கார்ந்து தேட வேண்டாம் என்பதுதான். அந்தக் கியூபாப் பிள்ளைகளில் ஒருவராவது வாழ்க்கையின் பொருளைக் கண்டுபிடிக்கப் போகிறேன் என்று விளக்கைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. கூட்டாளி போகிறான் என்று போனவர்கள், வீட்டைவிட்டு வெளியே போனால் போதும் என்று போனவர்கள், காடு பார்க்கலாம் என்று போனவர்கள்தான் அதிகம் இருந்திருப்பார்கள். போன இடத்தில், "இன்றைக்கு இரவு பாடம் உண்டல்லவா?" என்று கேட்டுக்கொண்டு ஒரு கிழவன் காத்திருந்தான். தான் வராவிட்டால் ஏமாந்து போகக்கூடிய ஒரு மனிதன் உலகத்தில் இருக்கிறான் என்பது அந்தப் பிள்ளைக்கு அன்றுதான் தெரிந்தது.

வருகின்ற மே மாத விடுமுறையில் நம் ஊர்களிலுள்ள வாலிபர் சங்கங்கள் செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் சொல்லுகின்றோம். இதற்கு மாநாடும் வேண்டாம், வசூலும் வேண்டாம். முதல் வாரத்தில் ஆளுக்கு ஒரு தெரு பிரித்துக்கொண்டு வீடு வீடாகப் போய், கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள், போடத் தெரிந்தும் வாசிக்கத் தெரியாதவர்கள், கண் மங்கியவர்கள் என்று கணக்கெடுக்க வேண்டும். மேல் தெரு, கீழ்த் தெரு, காலனி என்று விடாமல் போக வேண்டும். காலனிக்குப் போக மாட்டேன் என்கின்ற பையனை வேலையிலிருந்து நீக்கிவிடலாம். பெண்கள் வீடுகளுக்குப் பெண் பிள்ளைகள் போகட்டும். அவர்களை அனுப்ப மறுக்கின்ற தகப்பன்மார்களிடம் சங்கத்துப் பெரியவர்கள் நேரில் போய்ப் பேச வேண்டும். ஒருவருக்கு நாலு பேருக்கு மேல் ஒப்படைக்கக்கூடாது. கண் மங்கியவர்களை முதலில் பக்கத்திலுள்ள சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்ப் பார்வையைச் சோதிக்க வேண்டும். பாடத்தைக் கற்பவருக்கு எது வேண்டுமோ அதிலிருந்து தொடங்கலாம்: பாங்கிச் சீட்டு, பஸ்ஸின் பலகை, ரேஷன் கடை ரசீது, மாத்திரை அட்டையில் காலை மாலை என்று எழுதியிருப்பது. விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த பிறகும் வாரத்தில் இரண்டு மாலையாவது போய் வர வேண்டும். பாதியில் விட்டுவிடுவதானால் முதலிலேயே போக வேண்டாம். கணக்கெடுத்த சங்கங்கள் தங்கள் ஊரின் தொகையை நமக்கு எழுதினால், எந்த ஊரில் எத்தனை பேர் என்பதை இப்பத்திரிகையில் வெளியிடுவோம். போட்டோ அனுப்ப வேண்டியதில்லை; படித்து முடித்தவர்கள் தங்கள் கையால் எழுதிய இரண்டு வரிக் கடிதம் அனுப்பினால் போதும்.